லேத்தில் ஒட்டிய காது

அன்று காலை பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்தவர்கள்: துறைத் தலைவர், மடிப்புக் கலையாத சட்டையில். சோதனையைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து வந்தவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஆய்வகத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் சாவிக்காரர், வாசலோரம் ஸ்டூலில். லேத் பயிற்சிக்கு வருகிறவர்களில் மூன்று பேர்: பஞ்சர் கடைக்காரர், தையலம்மா, நான். அப்புறம் அந்தப் பயிற்சியை நடத்தும் என் அக்கா, இங்கே ஆராய்ச்சி மாணவி. எல்லாருக்கும் நடுவில் ஒரு சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின். கல்யாணப் பெண் மாதிரி துடைத்து நிறுத்தியிருந்தார்கள்.

லேத் பார்க்கிற வேலை எளியது. இரும்புத் தண்டைச் சுழற்றும். ஒரு வெட்டுமுனை வந்து அதைச் சீவும். அந்த முனையை நாங்கள் டிப் என்போம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். தேய்ந்த டிப்பை மாற்றாமல் விட்டால் செய்கிற சாமான் பாழ். தேய்வதற்கு முன்பே கழற்றிப் போட்டால் டிப் பாழ். எப்போது மாற்றுவது என்பதில்தான் பாதிச் சண்டை. நான் இரவுப் பணி பார்க்கும் ஆலையில் இதற்காகவே ஒருவன் சட்டையை இன்னொருவன் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் ஆராய்ச்சி இந்தச் சண்டையைத் தீர்ப்பது. லேத்தின் முன்பக்கத் தகட்டில், கீழே, சட்டைப் பித்தான் அளவில் ஒரு சென்சாரை ஒட்டியிருந்தாள். அதற்குக் காது என்று பெயர். லேத்தின் அதிர்வை அது கேட்கும். இது புது டிப்பின் அதிர்வு, இது தேய்ந்த டிப்பின் அதிர்வு என்று ஒரு மென்பொருளுக்கு மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு நிலாவைக் காட்டுகிற மாதிரி. வித்தியாசம் என்ன என்பதை அது தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாது. டிப் தேய்ந்ததும் சிவப்பு விளக்கைப் போடும், அவ்வளவுதான்.

கம்பெனிக்கு இது எதற்கு என்றால், ஆள் நிற்காமல் லேத் ஓட வேண்டும். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஆலை தன்பாட்டுக்கு ஓட வேண்டும். அப்படியானால் என்னை மாதிரி ஆளுக்கு என்ன வேலை என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஆளில்லாம ஓடுற மெஷினைப் பாத்துக்க ஆள் வேணும்ல. அதுக்குத்தான் இந்தப் பயிற்சி" என்றாள்.

அதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். இரவுப் பணியிலிருந்து தப்பிக்க வேறு வழி தெரியவில்லை.

இதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்து பாதியில் நின்றவன் நான். அக்கா என்னைக் கூப்பிடுவதே 'பாதி' என்றுதான். அவள் கதை வேறு. சேர்ந்தவள் வெளியே வரவே இல்லை. "ஒருத்தி முடிக்கவே மாட்டேங்கறா, ஒருத்தன் முடிக்காமலே வந்துட்டான்" என்பாள் அம்மா, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம். இந்தச் சோதனையில் காது ஒழுங்காகக் கேட்டால் அதை வாங்கும் ஒப்பந்தத்தில் கம்பெனி கையெழுத்துப் போடும். கையெழுத்து விழுந்தால் அக்காவின் ஆய்வேடு சமர்ப்பிக்கப்படும். விழாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும், ஆய்வேடும் அந்தரத்தில் நிற்கும். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா காலையில் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

முதலில் தையலம்மா நின்றாள். ஆயத்த ஆடை ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள். அந்த ஆலை மூடியதால் இங்கே வந்தாள். பயிற்சியில் நிதானமான கை அவளுடையது. பஞ்சர் கடைக்காரர் ஆரம்பத்தில் டிப் டிப்பாக உடைத்தார். நான் பணி முடிந்து நேரே வருவதால் நின்றபடியே தூங்கினேன். ஆகவே அக்கா தன் மென்பொருளுக்குக் காட்டியதெல்லாம் தையலம்மா நின்ற பொழுதுகளைத்தான். பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு, ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சியும் ஆச்சு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று துறைத் தலைவர் இதைப் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

தையலம்மா தண்டை மாட்டினாள், கதவை மூடினாள், பச்சைப் பொத்தானை அமுக்கினாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. சீவல்கள் சுருள் சுருளாக விழுந்தன. வெகுநேரம் கழித்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா டிப்பைக் கழற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எங்கே தேய்ந்திருக்க வேண்டுமோ அங்கே, எவ்வளவு தேய்ந்திருக்க வேண்டுமோ அவ்வளவு. கம்பெனிக்காரர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

"இப்ப வேற ஆளு நிக்கட்டும்" என்றார்.

பஞ்சர் கடைக்காரர் நின்றார். புது டிப், அதே தண்டு, அதே பொத்தான். அவர் இப்போதெல்லாம் டிப்பை உடைப்பதில்லை. வெள்ளையாக விழுந்த சுருள்கள் கொஞ்ச நேரத்தில் சூடேறிப் பழுப்பாயின, பிறகு நீலமாயின. விளக்கு எரியவில்லை. லேத் கிறீச்சிட ஆரம்பித்தது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா விளக்கைப் பார்த்தாள். விளக்கு யாரையும் பார்க்கவில்லை. உள்ளே டொப்பென்று ஒரு சத்தம்.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றார் பஞ்சர் கடைக்காரர், கையைத் தூக்கிக் காட்டி. "வண்டிக்காரங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க, ஆணி ஏறினப்புறம். ஆனா நான் நெசமாவே ஒண்ணும் பண்ணல."

பிறகு நான். அதே கதை. டிப் உடையும் முன் அக்காவே நிறுத்தினாள்.

கம்பெனிக்காரர்தான் ஆரம்பித்தார். "அந்த அம்மாவுக்குக் கைராசி."

துறைத் தலைவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கரெக்ட். இத்தனை வருஷம் மெஷின்ல வேலை பாத்த பக்குவம். எப்ப எந்தத் தண்டை மாட்டணும், எப்படிக் கதவை மூடணும்னு அவங்களுக்கே தெரியாம ஒரு நேர்த்தி வந்துடுது. காது அதோட சேர்ந்து வேலை செய்யுது. மனுஷனும் மெஷினும் ஒண்ணா." அவர் பேசப் பேச ஒரு கட்டுரைக்குத் தலைப்பு உருவாவது தெரிந்தது.

தையலம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் பச்சை பட்டனைத்தானே அமுக்கினேன்" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாளைக் காலையில் தையலம்மாவை மட்டும் நிறுத்தி இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுவது, சரியாக வந்தால் அங்கேயே கையெழுத்து என்று முடிவாயிற்று. மற்றவர்களையும் அவள் பக்குவத்துக்குக் கொண்டுவரப் பிறகு பயிற்சி கொடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு பெரியவர்களும் சாப்பிடப் போனார்கள்.

அக்கா போகவில்லை. கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள்.

"ஜெயிச்சுட்டல்ல. அப்புறம் ஏன் இழவு வீட்டு மூஞ்சி?" என்றேன்.

"கைராசின்னா என்னடா?"

"எனக்கென்ன தெரியும். எனக்குத்தான் அது கிடையாதே."

"கையில என்ன இருக்கு? பட்டனை அமுக்குற கை. புரோகிராம்தான் ஓட்டுது. ஓட ஆரம்பிச்சப்புறம் கைக்கு அங்க வேலையே இல்ல." எழுந்தாள். "கைய எடுத்துட்டுப் பாப்போம். தையலம்மா, இன்னும் கொஞ்சம் நிப்பீங்களா?"

"நிக்கிறதுக்குத்தானே டீச்சர் வந்திருக்கேன். எனக்கும் பாக்கணும், அப்படி என்னதான் வித்தை வச்சிருக்கேன்னு."

முதல் தடவை நான் பொத்தானை அமுக்கினேன், தண்டையும் நானே மாட்டினேன். தையலம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். விளக்கு எரிந்தது, சரியான இடத்தில். கையில்லாத கைராசி.

அடுத்து அவளைத் தள்ளி நாற்காலியில் உட்காரவைத்து ஓட்டினோம். விளக்கு எரியவில்லை. அவள் நின்ற இடத்தில் பஞ்சர் கடைக்காரரை நிறுத்தினோம். எரியவில்லை.

"அப்ப என் நிழல் பட்டாப் போதும்போல" என்றாள் தையலம்மா.

"மெஷினுக்கு உங்க மேல ஒரு இது" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"போயா. இந்த வயசுல வந்து வாய்ச்சது ஒரு இரும்பு."

சாவிக்காரர் ஸ்டூலை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். அவருக்கு டீக்குப் போகும் நேரம். போகவில்லை. "அந்தம்மா உடம்புல ஏதாவது கரண்டு கிரண்டு பாயுதா பாருங்க" என்றார். அக்கா அதையும் விடவில்லை. தையலம்மாவின் கைப்பேசி, வளையல், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கி மேசையில் வைத்தாள். திரும்ப நிறுத்தினாள். லேத் ஓடியது.

எனக்குக் கண் செருகியது. இரவெல்லாம் விழித்த உடம்பு. டிப் தேயட்டும், தேய்ந்தால் எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, லேத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அட்டையை விரித்துப் படுத்தேன். அக்கா திட்டினாள். படுத்தவன் காதில் திட்டு ஏறாது.

படுத்துப் பார்த்தால் எந்த அறையும் வேறு அறைதான். மேசைக்கடியில் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம், லேத்தின் அடியில் டிப்பைக் குளிரவைக்கும் கூலண்ட் காய்ந்த திட்டு, நாலு ஜோடி கால்கள். அவற்றில் இரண்டு ஜோடியில், பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த, முனையில் இரும்பு வைத்த கனத்த ஷூ. கால்மேல் ஏதும் விழுந்தால் விரல் நசுங்காது. அதில் ஒரு ஷூ லேத்தின் கீழ்த்தகட்டின்மேல் சாய்ந்திருந்தது. முதலில் சும்மா இருந்தது. கொஞ்ச நேரத்தில் அசைய ஆரம்பித்தது. முனையை அமுக்கி, குதியை அமுக்கி, முனையை அமுக்கி. இரும்பு முனை ஒவ்வொரு தடவையும் தகட்டைத் தொட்டது. தொட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. லேத்தின் இரைச்சலில் அது மனிதக் காதுக்குக் கேட்காது.

அந்தத் தகட்டில், ஒரு முழம் தள்ளி, பித்தான் அளவில் அக்காவின் காது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"அக்கா" என்றேன் படுத்தபடியே. "மெஷினை நிறுத்து. புது டிப்பைப் போடு. ஆனா ஓட்டாத."

"தூக்கத்துல உளறாத."

"ஓட்டாத, விளக்கை மட்டும் பாரு. தையலம்மா, தைங்க."

"என்ன தம்பி?"

"சட்டை தைக்கிறதா நினைச்சுக்கங்க. காலை அப்படியே வச்சு, தைங்க."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அந்தக் கால் அங்கே இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு தைத்தாள். லேத் செத்த பிணமாக நின்றது, உள்ளே பொட்டுத் தேய்வில்லாத டிப். நீளமான தையல் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலில் சிரித்தது சாவிக்காரர். ஸ்டூலோடு ஆடினார். பஞ்சர் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையலம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ டீச்சர், நான் வேணும்னு பண்ணல" என்றாள். அக்கா சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் பழைய அதிர்வுக் கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றின் வால் பக்கத்திலும் சின்னச் சின்ன மேடுகள், ஒரே இடைவெளியில். மாதக்கணக்காக அவற்றைத் தேய்ந்த டிப்பின் அடையாளம் என்று எல்லாருக்கும் விளக்கியிருக்கிறாள். இதே மேடுகளைப் படமாகப் போட்டு ஒரு மாநாட்டில் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

"சரி, கால்தான்" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, வேறு ஏதோ இருந்தது. "ஆனா ஏன் கடைசில மட்டும்? ஆரம்பத்துல ஏன் தைக்கல? டிப் தேயறது உங்களுக்குத் தெரியுதா? சத்தம் மாறுதா, அதிர்வு வருதா? யோசிச்சுச் சொல்லுங்க."

தையலம்மா நேர்மையாக யோசித்தாள். "அதெல்லாம் ஒண்ணும் தெரியாது டீச்சர். நான் உக்காந்தே வேலை பாத்த உடம்பு. நின்னா கொஞ்ச நேரத்துல கால் கடுக்கும். நீங்கதான் டிப் தேஞ்சா நிறுத்தி அளப்பீங்க, அப்ப உக்காரலாம்னு சொல்லியிருக்கீங்க. எப்படா உக்காருவோம்னு இருக்கும். அந்த நேரத்துல கால் தன்னால ஆடும்போல."

"அதாவது?"

"அதாவது, ஒரு டிப்பு தேயற நேரமும் என் கால் கடுக்கற நேரமும் ஒண்ணு. அவ்வளவுதான்."

பக்குவம், நேர்த்தி, மனுஷனும் மெஷினும் ஒண்ணா. எல்லாம் கடைசியில் கால்வலி. எனக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு அறிவை ஊட்டி வளர்த்த மென்பொருள், இரும்பை விட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளையின் கால் எப்போது வலிக்கும் என்பதைத் துல்லியமாகப் படித்து வைத்திருக்கிறது. எங்கள் ஆலையில் எந்த மேனேஜருக்கும் இது இதுவரை தெரிந்ததில்லை.

அக்காவை ஓரமாகக் கூப்பிட்டேன். "இங்க பாரு. நாளைக்குக் காலைல இவங்களை நிறுத்து. காலை ஆட்டட்டும். கையெழுத்து விழட்டும். அப்புறமா சாவகாசமா சரி பண்ணிக்கோ."

"ம்."

"ம்னா?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன், நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே." தையலம்மாவைப் பார்த்தாள். "கம்பெனிக்கு எத்தனை லேத் இருக்கு தெரியுமா உனக்கு?"

தையலம்மாவுக்குப் பாம்புச் செவி. "எல்லாத்துக்கும் நானே வந்து நிக்கணுமா டீச்சர்? ரெண்டு கால்தான் இருக்கு" என்றாள்.

அக்கா அப்போதுதான் சிரித்தாள். கோணலான சிரிப்பு. எங்கள் அம்மாவுடையது.

சாயங்காலம் துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார், நாளைக்கு எல்லாம் தயாரா என்று. அக்கா ஒன்றும் விளக்கவில்லை. நின்றுபோன லேத்தைக் காட்டினாள், புது டிப்பைக் காட்டினாள், தையலம்மாவிடம் தலையசைத்தாள். கால் தைத்தது. விளக்கு எரிந்தது. அவர் விளக்கையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை யாரெல்லாம் பாத்தது?"

"நாங்க இத்தனை பேரும்தான் சார்."

"நாளைக்கு மத்தியானம் கண்டுபிடிச்சதா வச்சுக்கலாமா?" கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

"வச்சுக்கலாம் சார். மெஷின் ஒத்துக்காது. அங்க போய் மாட்டின முதல் நாளே டிப் உடையும். அது நான் பண்ணின காதுன்னு எழுதியிருக்கும்."

"ஆய்வேடு குடுக்கிற உன் தேதி போயிடும். உதவித்தொகையை நீட்டச் சொல்லி நான் எழுதறேன். குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

அவர் எழுந்து கம்பெனிக்காரருக்குப் போன் செய்யத் தாழ்வாரத்துக்குப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் கை மட்டும் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. அதே நேரம் அம்மாவின் போன் எனக்கு வந்தது.

"கையெழுத்து ஆச்சா?"

"இல்லம்மா. தையலம்மாவுக்குக் கால்வலி."

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"அதைத்தாம்மா இத்தனை நாளா கண்டுபிடிச்சோம்" என்று வைத்துவிட்டேன்.

அக்கா அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாள். கீழ்த்தகட்டில் இருந்த காதைப் பிளேடால் பெயர்த்து எடுத்து, உள்ளே டிப்பைப் பிடித்திருக்கும் இரும்பிலேயே ஒட்டினாள். கற்ற பாடத்தையெல்லாம் மென்பொருளிலிருந்து அழித்தாள். அழிக்கட்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது. பிறகு காதின் ஒயரைக் கதவுக்கடியில் விட்டு, தாழ்வாரத்தில் வைத்த கம்ப்யூட்டர்வரை இழுத்தாள். தண்டுகளைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ளும் ஊட்டுப்பெட்டி ஒன்று மூலையில் உறையோடு கிடந்தது. அதை லேத்தின் பின்னால் தள்ளிப் பூட்டினோம். பஞ்சர் கடைக்காரர் அதற்குக் காற்றுக்குழாய் மாட்டிக் கொடுத்தார். காற்று அவர் துறை.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லாதப்போ அதுக்கு என்ன கேக்குதுன்னு பாக்கப் போறேன். இத்தனை மாசத்துல ஒரு தடவைகூட அது லேத்தைத் தனியாக் கேட்டதில்லடா. எப்பவும் யாராவது பக்கத்துல நின்னிருக்கோம்."

"ஒண்ணுமே கேக்கலேன்னா?"

"ஒண்ணுமே கேக்கலேன்னு எழுதுவேன்."

எனக்குப் பணிக்குக் கிளம்ப வேண்டிய நேரம். போக மனம் வரவில்லை. இந்தக் கட்டடத்தில் எனக்கு அப்படி ஆனது அதுவே முதல் தடவை. "நான் ஓரமா நிக்கறேன். மூச்சுகூட விடமாட்டேன்" என்றேன்.

"நீ இருந்தா அது உன்னைக் கேக்கும். வெளில போடா பாதி."

"நெருப்புக் கிருப்புப் பிடிச்சா?" என்றார் சாவிக்காரர். தாழ்வாரச் சுவரில் இருந்த சிவப்பு நிறுத்தப் பொத்தானை அக்கா காட்டினாள். அவர் அதைச் சந்தேகத்தோடு தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

தையலம்மா வெளியே வந்து தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். பஞ்சர் கடைக்காரர் வந்தார். நான் வந்தேன். உள்ளே அக்கா பச்சைப் பொத்தானை அமுக்கினாள், அறை விளக்கை அணைத்தாள், கால் சத்தம் கேட்காதபடி குதிகாலைத் தூக்கி நடந்து வெளியே வந்தாள். லேத் இருட்டில் தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் சாவிக்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, பூட்டி, சாவிக்கொத்து குலுங்காமல் கையில் பொத்திக்கொண்டார்.